வீடே மொழிக்கூடு

(பொழிவின் எழுத்து வடிவம்)



சிங்கப்பூரில் ஓர் அடுக்குமாடி வீட்டை உள்ளத்தில் வரைந்து கொள்ளுங்கள். பன்னிரண்டாம் தளம். மாலை ஆறு மணி. பள்ளியிலிருந்து திரும்பிய எட்டு அகவைச் சிறுவன் பையை இறக்கி வைக்கிறான். “பசிக்கிறதா அப்பா? தோசை வார்க்கட்டுமா?” என்று பாட்டி கேட்கிறார். கேள்வி அவனுக்கு முழுமையாக விளங்குகிறது. ஆனால் விடை ஆங்கிலத்தில் வருகிறது. ஒரு சொல்லன்று; நான்கைந்து தொடர்கள். பள்ளியில் நடந்த ஏதோ ஒன்றை விரைவாகச் சொல்லிச் சிரிக்கிறான். பாட்டிக்கு அதிற் பாதிகூட விளங்கவில்லை. மருமகளின் முகத்தைப் பார்த்து, “பிள்ளை என்னம்மா சொல்கிறான்?” என்று கேட்கிறார். தாய் தமிழாக்கிச் சொல்கிறாள். அதற்குள் சிறுவன் அடுத்த அறைக்குப் போய்விட்டான். பாட்டியின் சிரிப்பைக் காண அவன் அங்கில்லை.

ஒரே குருதி, ஒரே வீடு, ஒரே உணவு. இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர்!

இவ்வீட்டில் தமிழை எவரும் தடுக்கவில்லை. தமிழ் பேசினால் ஒறுப்பு என்று எந்த ஆணையும் இல்லை. தந்தை தமிழ்ப்பற்று மிக்கவர்; பொங்கல் விழாவிற்குக் குடும்பத்தோடு செல்பவர். தாயும் தமிழ் கற்றவள். அவ்வாறிருந்தும் மூன்றாம் தலைமுறையின் நாவில் தமிழ் இல்லை. இஃது எவ்வாறு நேர்ந்தது? எவர் செய்த பிழை? இதனை மாற்ற இயலுமா? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை காண்பதே இப்பொழிவின் நோக்கம்.

முதலில் அந்த நாட்டின் நிலையைக் காண்போர் வியப்படைவர். தமிழ்நாட்டிற்கும் ஈழத்திற்கும் வெளியே தமிழுக்குச் சிங்கப்பூரிற் கிடைத்துள்ள இடத்தை வேறெங்கும் காண்டல் அரிது. 1965 இல் அந்நாடு தனிநாடானபோது மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் ஆட்சிமொழியாயிற்று. அந்நாட்டுப் பணத்தாளில் நாட்டின் பெயர் தமிழெழுத்திலும் பொறிக்கப்பட்டுள்ளது. நாடாளுமன்றத்தில் தமிழிற் பேசலாம். தமிழுக்கென்றே வானொலி உண்டு, தொலைக்காட்சி உண்டு. தமிழவேள் கோ. சாரங்கபாணி 1935 இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’ இன்றும் வெளிவருகிறது. பள்ளிகளில் தமிழ்ப்பிள்ளைகள் தமிழை இரண்டாம் மொழியாகக் கற்கின்றனர். அரசு நூல்கள் தருகிறது, ஆசிரியரைப் பயிற்றுகிறது, ஏப்பிரல் திங்களில் தமிழ்மொழி விழா நடக்கிறது. தமிழர் பல நாடுகளிற் போராடிக் கேட்டும் பெறாதவை அங்கே சட்டத்தாற் கிடைத்துள்ளன.

இனி வீட்டிற்குள் சென்று பாருங்கள். அந்நாட்டு அரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, ஒவ்வொருவரும் வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி யாதென்று கேட்கிறது. அங்குள்ள இந்தியருள், தமிழை மிகுதியாகப் பேசுவதாகக் கூறியோர் 2000 இல் 42.9 விழுக்காட்டினர். 2010 இல் அது 36.7 விழுக்காடாகக் குறைந்தது. ஆங்கிலத்தை மிகுதியாகப் பேசுவோரோ 2010 இல் 41.6 விழுக்காட்டினர், 2020 இல் 59.2 விழுக்காட்டினர்! இந்தியர் என்ற கணக்கிற் பிற மொழியாரும் அடங்குவர் என்பது உண்மை. அதனைக் கழித்துப் பார்த்தாலும் போக்கு எத்திசையில் என்பதில் ஐயமில்லை. ஆங்கிலத்தை மிகுதியாகப் பேசுவோரிற் பெரும்பாலோர் தம் மொழியையும் வீட்டில் ஓரளவு பேசுகின்றனர் என்பதும் அக்கணக்கிலேயே உள்ளது. எனவே அடுப்பு இன்னும் அணைந்துவிடவில்லை. ஆனால் கனல் சாம்பலுக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

இதில் அடங்கியுள்ள பாடத்தைத் தமிழன்பர்கள் ஊன்றி நோக்க வேண்டும். பணத்தாளில் எழுத்து இருக்கிறது; நாவில் மொழி தேய்கிறது. சட்டம் மொழியைக் காக்கும் வேலியாகலாம். பயிரை விளைவிக்க அதனால் ஆகாது. மொழி விளையும் நிலம் தாயின் மடி, தந்தையின் தோள், பாட்டியின் பக்கம். அமெரிக்க மொழியியலறிஞர் யோசுவா பிசுமன், நலிந்த மொழிகளை மீட்பது பற்றி 1991 இல் எழுதிய பெருநூலில் வற்புறுத்திய கருத்தும் இதுவே. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு மொழி வீட்டிற்குள் கைமாறுதலே அடிப்படை. அது நின்றுவிட்டால் பள்ளியும் செய்தித்தாளும் அலுவலகமும் எத்துணை முயன்றாலும் மொழி நிலைபெறாது என்று அவர் காட்டினார்.

கைமாறுதல் ஏன் நிற்கிறது? இரண்டு கரணியங்கள் உள்ளன. ஒன்று அச்சம். மற்றொன்று அயர்வு.

அச்சத்தை முதலில் எடுத்துக் கொள்வோர், அது கற்றோரிடமிருந்தே பரவியது என்பதை அறிதல் வேண்டும். இரண்டு மொழிகளைக் கேட்டு வளரும் குழந்தை குழம்பிப்போகும். அதன் அறிவு மந்தமாகும். பேச்சுத் தள்ளிப்போகும் என்று ஒரு காலத்தில் உளவியலாரே எழுதினர். வேல்சு நாட்டுச் சிற்றூர்களில் வேல்சும் ஆங்கிலமும் பேசிய பிள்ளைகளை ஆராய்ந்த சேயர் என்பார், 1923 இல் அவ்வாறான முடிவையே வெளியிட்டார். அக்காலத்து ஆய்வுகள் பலவற்றில் ஒரு பெரும் ஓட்டை இருந்தது. இருமொழிப் பிள்ளைகள் பெரும்பாலும் ஏழையர்; சிற்றூரினர்; குடிபெயர்ந்து வந்தோர். அவர்களை வாய்ப்பு மிக்க ஒருமொழிப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு, வறுமையின் விளைவை மொழியின் தலையில் ஏற்றினர்.

1962 இல் கனடாவின் மொந்திரியால் நகரில் எலிசபெத்து பீல், வாலசு இலாம்பர்ட்டு என்னும் இருவர் அவ்வோட்டையை அடைத்தனர். பத்து அகவைப் பிள்ளைகளை, குடும்ப நிலையில் ஒத்தவர்களாகத் தேர்ந்து, பிரெஞ்சு மட்டும் அறிந்தோரையும் பிரெஞ்சும் ஆங்கிலமும் ஒருங்கே அறிந்தோரையும் ஒப்பிட்டனர். இருமொழிப் பிள்ளைகள் பின்தங்கவில்லை. அறிவுத்தேர்வுகளில் முந்தியே நின்றனர். அதன்பின் வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் இருமொழியார் முந்தினர் என்று சொல்லுதல் மிகையாகும். ஆனால் இரண்டு மொழிகள் குழந்தையின் மூளைக்குச் சுமை என்ற பழைய கூற்று மீண்டும் எழுந்து நிற்கவில்லை.

அதற்கும் முன்பே ஒரு தந்தை இதனைத் தம் வீட்டிற் செய்து காட்டியிருந்தார். சூல் ரோன்சா என்னும் பிரெஞ்சு மொழியறிஞரின் மனைவி செருமானியர். தந்தை மகனிடம் பிரெஞ்சு மட்டும் பேசுவது, தாய் செருமன் மட்டும் பேசுவது என்று பிறந்த நாள் முதல் உறுதி பூண்டனர். மகன் லூயி இரண்டிலும் இயல்பாக வளர்ந்தான். அவ்வளர்ச்சியை நாள்தோறும் குறித்து 1913 இல் நூலாக வெளியிட்டார் தந்தை. குழந்தைக்கு மொழி பாடமன்று, ஆள். இவரிடம் இம்மொழி, அவரிடம் அம்மொழி என்று அது மிக எளிதாகப் பிரித்தறிகிறது. ஒரே தொடரில் இரு மொழிச் சொற்களைச் சிறு குழந்தை கலந்து பேசினால் அது குழப்பத்தின் அடையாளமன்று. ஒரு மொழியில் இல்லாத சொல்லை மற்றொன்றிலிருந்து எடுத்து ஒட்டுப்போடுகிறது, அவ்வளவே. ஒட்டுப்போட வேண்டிய தேவையை உண்டாக்குவோர் பெரியவரே. அதனைப் பின்னர்க் காணலாம்.

“வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள், அப்போதுதான் பள்ளியில் முந்துவான்” என்று அறிவுரை கூறும் ஆசிரியர்கள் உலகெங்கும் உள்ளனர். அவர்கள் தீயவர் அல்லர், அறியாதவர். ஒரு மொழியில் எண்ணவும், கதையைக் கோவையாகச் சொல்லவும், கரணியம் காட்டி வாதிடவும், எழுத்தைக் கண்டு பொருள் உணரவும் கற்ற பிள்ளை, அத்திறனை அடுத்த மொழிக்கும் எடுத்துச் செல்கிறது. கனடா நாட்டுக் கல்வியறிஞர் சிம் கம்மின்சு 1979 முதல் விளக்கி வந்த கருத்து இது. இரு மொழிகள் மேலே இரு கிளைகளாகத் தோன்றினும், கீழே வேர் ஒன்று. வீட்டுமொழியை வெட்டுகிறவர் ஒரு கிளையை மட்டும் வெட்டுவதாக எண்ணிக்கொண்டு வேரிற் கோடரியை வைக்கிறார். அதிலும், அரைகுறையாகத் தெரிந்த ஆங்கிலத்திற் பிள்ளையோடு பேச முயலும் தாய், தன் முழு அறிவையும் பூட்டிவைத்துவிட்டு வறுமைப்பட்ட சொற்களை அதற்கு ஊட்டுகிறாள். நிறைகுடத்தை ஒதுக்கிவிட்டு ஒழுகும் குவளையில் நீர் புகட்டுவது போன்றதே அது.

அச்சத்தை அறிவாற் போக்கலாம். அயர்வோ அதனினும் கொடியது. ஏனெனில் அஃது ஓசையின்றி வருகிறது.

குழந்தை விழித்திருக்கும் நேரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். பள்ளி ஆங்கிலம். விளையாட்டு ஆங்கிலம். பேருந்து, கடை, நண்பன் வீடு எல்லாம் ஆங்கிலம். ஆங்கிலத்திற்கு உலகமே ஆசிரியர்; தமிழுக்கு இரண்டு மூன்று பேர். அவ்விரண்டு மூன்று பேரும் மாலையிற் களைத்து வருகின்றனர். பிள்ளை ஆங்கிலத்தில் ஒன்று கேட்கிறது. தமிழில் விடை சொல்லிச் சொல்லை நினைவூட்ட இரண்டு மணித்துளி ஆகும். ஆங்கிலத்திற் சொன்னால் அரை மணித்துளி. தந்தை அரை மணித்துளியைத் தேர்கிறார். நாளைக்கு இருபது முறை, ஆண்டுக்கு ஏழாயிரம் முறை இது நிகழ்கிறது. ஒரு நாள் அவர் தமிழிற் கேட்கிறார். பிள்ளை திகைத்து நிற்கிறது. “இவனுக்குத் தமிழ் வரவில்லையே” என்று வருந்துகிறார். வரவில்லை என்பது பிழை. ஏழாயிரம் முறை வாயிலிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டது.

குழந்தை மிகக் கூரிய கணக்கன். எந்த மொழியின்றி இவ்வீட்டில் வாழ இயலும் என்பதை மூன்று அகவைக்குள் கண்டுபிடித்துவிடும். தமிழ் தேவையில்லை என்று வீடு காட்டினால், கேட்டு விளங்கிக்கொள்ளும் ஆற்றலோடு நிறுத்திக்கொள்ளும். கேட்கத் தெரிந்த தலைமுறையின் பிள்ளைகள் கேட்கவும் தெரியாதவர்கள். தாத்தா பேசினார், மகன் கேட்டான், பெயரனுக்கு அஃது ஓசை. மூன்று தலைமுறையில் கதை முடிந்தது. ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவிற் குடியேறிய இனங்களிற் பலவற்றின் மொழிகள் இவ்வழியிலேயே மறைந்தன.

இங்கே ஓர் ஆய்வின் கணக்கைக் கேளுங்கள். பெல்சிய நாட்டின் பிளெமிசுப் பகுதியிற் பொதுமொழி டச்சு. அங்கு வேற்றுமொழி பேசும் பெற்றோரைக் கொண்ட 1,899 குடும்பங்களை ஆராய்ந்து, அனிக்கு தெ ஔவர் என்னும் அம்மையார் 2007 இல் முடிவுகளை வெளியிட்டார். பெற்றோர் இருவரும் வீட்டில் தம் மொழியை மட்டுமே பேசிய குடும்பங்களில், நூற்றுக்குத் தொண்ணூற்றேழு குடும்பங்களின் பிள்ளைகள் அம்மொழியைப் பேசினர். ஒருவர் தம் மொழியையும் மற்றவர் டச்சையும் பேசிய குடும்பங்களில் அது நூற்றுக்கு எழுபத்து நான்கு. இருவரும் டச்சு பேசி, ஒருவர் மட்டும் இடையிடையே தம் மொழியையும் பேசிய குடும்பங்களில் முப்பத்தாறு.

தொண்ணூற்றேழு, எழுபத்து நான்கு, முப்பத்தாறு! இவ்வெண்களைத் தமிழ்ப்பெற்றோர் தம் வீட்டுச் சுவரில் எழுதி வைக்கலாம். அக்குடும்பங்களின் பிள்ளைகளும் பள்ளியில் டச்சையே கற்றனர். டச்சு அவர்களை விட்டு ஓடிவிடவில்லை. பொதுமொழி எப்படியும் வந்து சேரும். வீட்டுமொழி வீட்டில் மட்டுமே வரும். பலமொழி அறிவுடைய பிள்ளையை வளர்க்க விரும்புவோர் வலிய மொழிக்கு வீட்டிலும் நாற்காலி போட வேண்டியதில்லை. மெலிந்த மொழிக்கு வீடு முழுவதையும் தருதலே முறை.

“தமிழ்ப்பாடல்களைக் கைப்பேசியிற் போட்டுக் கொடுக்கிறோமே, தொலைக்காட்சியில் தமிழ்தானே ஓடுகிறது” என்று சிலர் கூறுவர். அதற்கும் விடை உண்டு. அமெரிக்காவிற் பற்றிரிசியா கூல் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் 2003 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆங்கிலம் மட்டும் கேட்டு வளர்ந்த ஒன்பது திங்கள் குழந்தைகள் சிலரிடம் சீன மொழியாளர் நேரில் அமர்ந்து பன்னிரண்டு முறை பேசி விளையாடினர். வேறு சில குழந்தைகளுக்கு அதே பேச்சைத் திரையிலும் ஒலிப்பதிவிலும் அளித்தனர். நேரிற் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. திரையிற் கண்டவையும் பதிவிற் கேட்டவையும் கற்கவில்லை. ஒலி ஒன்றுதான், ஆனால் திரை குழந்தையின் கண்ணைப் பார்ப்பதில்லை, அதன் சிரிப்புக்கு மறுசிரிப்புத் தருவதில்லை. மொழி காதின் வழியாக மட்டும் நுழைவதன்று. அன்பின் வழியாக நுழைவது.

வீடு கைவிட்ட மொழியை மீட்பது எத்துணைக் கடினம் என்பதற்கு நியூசிலாந்தின் மாவோரி மக்கள் சான்றாவர். 1867 இல் வந்த சட்டம் அவர்களுக்கான பள்ளிகளில் ஆங்கிலத்தைப் புகுத்தியது. மாவோரி பேசிய பிள்ளைகள் பள்ளியில் அடிபட்டனர். அடிபட்ட அப்பிள்ளைகள் பெற்றோரானபோது, தம் மக்களுக்கு அத்துன்பம் வேண்டா என்று எண்ணி வீட்டிலும் ஆங்கிலம் பேசினர். அன்பினாற் செய்த பிழை அது! இரண்டாம் உலகப் போருக்குப் பின் நகரங்களிற் குடியேறிய குடும்பங்களில் இது விரைந்து பரவியது. 1970-களில், மாவோரி பேசி வளரும் குழந்தைகள் மிகச் சிலரே என்ற உண்மை வெளிப்பட்டபோது அவ்வினம் நடுங்கியது. 1972 இல் முப்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட வேண்டுகை நாடாளுமன்றத்திற்குச் சென்றது.

வேண்டுகையோடு அவர்கள் நின்றுவிடவில்லை. 1982 இல் வெல்லிங்குடன் நகரை அடுத்த வைனுயியோமாத்தாவில் முதல் ‘கோகாங்கா ரியோ’ திறக்கப்பட்டது. அதற்கு ‘மொழிக்கூடு’ என்பது பொருள். மொழி அறிந்த முதியவர்களையும், மொழி அறியாத மழலைகளையும் ஒரு கூரையின்கீழ்ச் சேர்த்தனர். பாடநூல் இல்லை, தேர்வு இல்லை. உண்பது, உறங்குவது, அழுவது, ஆடுவது அனைத்தும் மாவோரியில். இடையில் இருந்த பெற்றோர் தலைமுறை இழந்ததைப் பாட்டன் பாட்டியர் பெயரர்க்கு நேரே ஊட்டினர். சில ஆண்டுகளில் அத்தகைய கூடுகள் நூற்றுக்கணக்கிற் பெருகின. 1987 இல் மாவோரி ஆட்சிமொழியாயிற்று. சிங்கப்பூரிற் சட்டம் முன்னே வந்தது; வீடு தளர்ந்தது. மாவோரியர் கூட்டினை முதலிற் கட்டினர். சட்டம் பின்னே வந்தது.

எண்ணிப் பாருங்கள்! தம் வீடுகளில் மொழி இல்லாமற் போனமையால் வெளியே ஒரு கூட்டைச் செயற்கையாகக் கட்ட வேண்டிய நிலை அவர்களுக்கு. தமிழ்வீட்டிலோ பாட்டி இன்னும் இருக்கிறார். தாய்க்குத் தமிழ் தெரியும். தந்தைக்குத் தமிழ் தெரியும். கூடு இருக்கிறது, குஞ்சு இருக்கிறது, இரை ஊட்டும் அலகு மட்டும் வேறு பக்கம் திரும்பியிருக்கிறது.

அதனைத் திருப்புவது எவ்வாறு? பெருஞ்செலவு இல்லாத கடைப்பிடிகள் சில உள்ளன.

முதலாவது, பிறந்த நாள் முதலே தொடங்குதல். “கொஞ்சம் வளரட்டும், பிறகு தமிழ் சொல்லித் தரலாம்” என்பது ஏமாற்று. இந்த ஆளோடு இந்த மொழி என்ற உறவு ஒருமுறை அமைந்துவிட்டால் அதனை மாற்றுவது பெரும்பாடு. நாள் கடந்த குடும்பங்களும் சோர வேண்டா. உணவு நேரம் ஒன்றையாவது தமிழ்நேரமாக்கித் தொடங்கலாம்.

இரண்டாவது, பிள்ளை ஆங்கிலத்தில் விடை சொன்னாற் கடிந்து கொள்ளாமை. அதே வேளையில் ஆங்கிலத்திற்கு மாறாமையும் ஆகும். அது சொன்னதையே தமிழிற் சொல்லிக் கேள்வியாகத் திருப்புக. “ஓ, ஆசிரியர் இன்று படம் வரையச் சொன்னாரா? என்ன படம் வரைந்தாய்?” என்று கேட்டு, விடைக்குப் பொறுத்திருக்க. சொல் கிடைக்காமல் தடுமாறினாற் சொல்லை எடுத்துக் கொடுக்க. பிழையாகச் சொன்னாற் சிரிக்கற்க. தமிழ் பேசும்போதெல்லாம் நகைக்கப்பட்ட பிள்ளை தமிழை விட்டு ஓடும். தமிழ் பேசும்போதெல்லாம் தழுவப்பட்ட பிள்ளை தமிழை நாடி வரும்.

மூன்றாவது, பெரியவர் தம் நாவைத் திருத்துதல். முன்னர்க் குறித்த ஒட்டுப்போடும் தேவை இங்கேதான் பிறக்கிறது. “பேபி, மில்க் குடி, ஷூ போடு” என்ற பேச்சைத் தமிழ் என்று எண்ணிக்கொண்டு பேசும் வீட்டிற் பிள்ளை பால் என்ற சொல்லை எங்கே கேட்கும்? சொல்லே வந்து சேராதபோது அதனைப் பேசவில்லை என்று பிள்ளையைக் குறை கூறல் எவ்வகை நேர்மை? மம்மி என்று அழைக்கப் பழக்கியவர் அம்மா என்ற அழைப்பிற்கு ஏங்குதல் தகுமா? தூய தமிழ் என்பது மேடைக்குரிய அணிகலன் என்று சிலர் நகைக்கின்றனர். அன்று, அது குழந்தைக்குரிய உணவு. அகப்பை, சல்லடை, அரிவாள்மனை, திண்ணை, முற்றம், தாழ்ப்பாள் என்று பொருளைத் தொட்டுப் பெயரைச் சொன்னால், அடுக்களையே அகரமுதலியாகும்.

நான்காவது, தமிழை அடுக்களையோடு நிறுத்தாமை. நிலவு ஏன் தேய்கிறது? வானூர்தி எவ்வாறு பறக்கிறது? கடல்நீர் ஏன் உப்பு? இக்கேள்விகளுக்கு ஆங்கிலத்திலும், “சாப்பிடு, தூங்கு” என்பதற்குத் தமிழிலும் விடை சொன்னால், அறிவுக்கு ஆங்கிலம், ஏவலுக்குத் தமிழ் என்று பிள்ளை முடிவு கட்டிவிடும். தந்தைக்குச் சொல் தெரியாவிட்டால் பிள்ளையோடு சேர்ந்து தேடட்டும். அத்தேடலே ஒரு விளையாட்டு. நாள்தோறும் உறங்குமுன் கால்மணி நேரம் ஒரு தமிழ்க்கதை நூலைப் பிள்ளையை மடியில் இருத்திப் படித்துக் காட்டல், பேச்சிற் கிடைக்காத சொற்களை எல்லாம் அதற்குச் சேர்க்கும்.

ஐந்தாவது, துணை தேடல். ஒரு வீட்டிற்குள் மட்டும் வாழும் மொழியைப் பிள்ளை பெற்றோரின் பழங்கால வழக்கு என்று எண்ணத் தொடங்கும். தன்னொத்த சிறுவரும் பேசினால்தான் அஃது உயிருள்ள மொழி. அக்கம்பக்கத்துத் தமிழ்க்குடும்பங்கள் நான்கைந்து கிழமைக்கு ஒருமுறை கூடி, பிள்ளைகளைப் பச்சைக்குதிரை தாண்டவும் பல்லாங்குழி ஆடவும் விட்டால், அதுவே ஒரு சிறு மொழிக்கூடு. ஊரிலிருந்து பாட்டியும் தாத்தாவும் வந்திருக்கும் நாட்கள் பொன்னான நாட்கள். அந்நாட்களிற் பெற்றோர் இடையிற் புகுந்து மொழிபெயர்க்கற்க! தேவை இருந்தால் சொல் தானே முளைக்கும்.

வேற்றுமொழியாரை மணந்த குடும்பங்களுக்கும் ஒரு சொல். தாயின் மொழி மலையாளமோ சீனமோ ஆயின் அம்மொழியை அவள் பிள்ளைக்குத் தருதல் அவள் உரிமை. தமிழைத் தருதல் தந்தையின் கடமை. இரண்டிற்கும் நடுவில் ஆங்கிலத்தை அமர்த்தி இரண்டையும் இழத்தல் வேண்டா. தமிழ்நாட்டிற்குப் பிழைக்க வந்த பீகார், ஒடிசாத் தொழிலாளியின் குடிசையிலும் இந்நெறி இதுவே. அவர்தம் பிள்ளைகள் பள்ளியில் தமிழ் கற்கட்டும். வீட்டில் தம் தாயின் மொழியைப் பேசட்டும். தன் தாய்மொழிக்கு உரிமை கேட்பவன் பிறன் தாய்மொழியைப் பழித்தல் ஆகாது. தாய்மொழிக்காகக் கிழக்கு வங்கத்தின் தாக்காவில் 1952 பிப்பிரவரி 21 ஆம் நாள் இளைஞர் உயிர்விட்டனர். அந்நாளையே உலகத் தாய்மொழி நாளாக ஒன்றிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு 1999 இல் அறிவித்தது. மொழியுணர்வு எந்த ஓர் இனத்திற்கும் தனியுடைமை அன்று.

இறுதியாக ஒன்று. சிங்கப்பூர் வீட்டைப் பார்த்து இரங்குவோர் சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் உள்ள வீடுகளைத் திரும்பிப் பார்க்க வேண்டும். அங்கே கடலுக்கப்பால், நான்கு மொழிகளின் நடுவில், அரசு துணைநிற்க, பிழைப்பின் நெருக்கடியில் தமிழ் தேய்கிறது. இங்கே தமிழ் மண்ணிலேயே, எந்த நெருக்கடியும் இன்றி, ஆங்கிலவழிப் பள்ளி வாயிலில் நிற்கும் தாய், பிள்ளையிடம் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்திற் பேசுகிறாள். பக்கத்தில் நிற்பவர் கேட்க வேண்டும் என்பதற்காக! அவளைப் பழித்துப் பயனில்லை. தமிழ் பேசினால் மதிப்பில்லை என்று அவளுக்குக் காட்டிய குமுகாயத்தைத் திருத்த வேண்டும். ஆங்கிலம் கற்கட்டும் பிள்ளை, சீனமும் கற்கட்டும், பத்து மொழி கற்கட்டும். அவை பள்ளியிற் கிடைக்கும், கடையிற் கிடைக்கும், காசுக்குக் கிடைக்கும். தாயின் மொழி தாயிடமன்றி வேறு எங்கும் கிடைக்காது.

அந்த அடுக்குமாடி வீட்டிற்கு மீண்டும் செல்லுங்கள். நாளை மாலை அச்சிறுவன் வருவான். ஆங்கிலத்திற் கதை சொல்லத் தொடங்குவான். தாய் மொழிபெயர்க்காமல், “இதைப் பாட்டியிடம் நீயே சொல்; உன் வாயாற் கேட்கத்தான் பாட்டிக்கு விருப்பம்” என்று கூறட்டும். முதல் நாள் மூன்று சொல் வரும். மூன்றிலும் பிழை இருக்கும். பாட்டி சிரிப்பார். அச்சிரிப்பைக் காண அவன் இம்முறை அங்கே நிற்பான். அந்த இடத்திலிருந்து தமிழின் அடுத்த தலைமுறை தொடங்கும்.

மாநாடு கூட்டுவோர் கூட்டட்டும். தீர்மானம் இயற்றுவோர் இயற்றட்டும். அவையும் தேவையே. ஆனால் இப்பொழிவைக் கேட்டு எழுந்து செல்லும் ஒவ்வொரு தாயும் ஒவ்வொரு தந்தையும், இன்றிரவு தம் பிள்ளையிடம் பேசப்போகும் முதல் தொடரைத் தமிழிற் பேசுக! நாளையும் பேசுக! பிள்ளை தமிழில் விடை தரும் வரை பேசுக!

வீடு தமிழ் பேசட்டும். நாடு தானே பேசும்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழ்!